கொழுப்பு ஜாஸ்தி!

நம் ஊரில் ‘அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி’ என்றால் அது திட்டு. ஆர்க்டிக் பிரதேசத்தில் பிறக்கிற ஒரு ரெயின்டீர் குட்டிக்கு அதுதான் லைஃப் இன்ஷூரன்ஸ்.

காலையில் வாசலில் ‘பொத்’தென்று விழுகிற பால் பாக்கெட்டை என்றைக்காவது திருப்பிப் படித்திருக்கிறீர்களா? பேச்சுலர் ரூம்களில் படிக்க மாட்டார்கள். கத்தரிக்கோல் கிடைக்காமல் பல்லால் கடித்துப் பிய்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். டோன்டு பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம். ஃபுல் க்ரீம் என்றால் 6. ‘சுத்தமான எருமைப் பால் சார், ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது’ என்று பால்காரர் சத்தியம் செய்தால், அந்தச் சத்தியம் நிஜமாக இருக்கும் பட்சத்தில், சுமார் 7.

ரெயின்டீர் பாலில் 15 முதல் 20!

புரதம் 10 சதவீதத்தை ஒட்டி. பசும்பாலைப் போல மூன்று மடங்கு. சர்க்கரை மட்டும் கம்மி. பசும்பாலில் கிட்டத்தட்ட 5 சதவீதம் இருக்கிற லாக்டோஸ், இதில் மூன்றுக்கு முன்னே பின்னே. அட்டைப் பெட்டியில் க்ரீம் என்று போட்டு விற்கிறார்களே, ஏறக்குறைய அந்த ஜாதி. நம்ம டீக்கடை மாஸ்டரிடம் கொடுத்தால் ஒரு லிட்டரில் நாலு லிட்டர் பண்ணிவிடுவார்.

ஆனால் அவரிடம் கொடுக்கிற அளவுக்குக் கிடைக்காது. அங்கேதான் விஷயமே இருக்கிறது. தாய் ரெயின்டீர் குட்டி போட்ட மூன்றாவது வாரம் வாக்கில்தான் அதிகபட்சப் பால். அந்த அதிகபட்சமே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சொச்சம். ஐந்தாறு மாதம் பால் கொடுக்கிறது. மொத்தமும் சேர்த்தால் 100 லிட்டரை ஒட்டி வரும். நம் ஊர் கலப்பினப் பசு பத்து, பதினைந்து நாளில் முடித்துவிடுகிற கணக்கு. போகப்போக பால் அளவில் குறையும். குறையக் குறையக் கெட்டிப்படும். கொழுப்பும் புரதமும் ஏறும், சர்க்கரை இறங்கும்.

குட்டி பிறப்பது மே மாதத்தில். நமக்குக் கத்திரி வெயில். லாப்லாந்திலும் சைபீரியாவிலும் தரையெல்லாம் இன்னும் பனி. சுமார் ஐந்து கிலோ எடையில், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி வந்து விழுகிற குட்டி, ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றாக வேண்டும். மறுநாள் அம்மாவுக்குப் பின்னால் ஓடியாக வேண்டும். ஓநாய், கரடி, பொன்னிறக் கழுகு என்று ஒரு க்யூவே காத்திருக்கிறது. உடம்பைச் சூடாக்கிக்கொள்ள, பழுப்புக் கொழுப்பு என்று ஒரு சரக்கைக் கொஞ்சம் உடம்பிலேயே கட்டிக்கொண்டுதான் பிறக்கிறது. அது முடிவதற்குள் மடியிலிருந்து சப்ளை தொடங்கிவிட வேண்டும். சப்ளை சரியாக இருந்தால் குட்டி தினமும் 300, 400 கிராம் ஏறுகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் எடை இரட்டிப்பு.

சரி, அம்மாவுக்கு அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

இதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம். குளிர்காலம் முழுக்க அது சாப்பிடுவது லைக்கன். பாறையிலும் மண்ணிலும் படர்கிற, பாசியும் காளானும் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற ஒரு வஸ்து. மாவுச்சத்து மாதிரி ஏதோ கிடைக்கும். புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதுவும் பனிக்கு அடியில் இருக்கும். முன்னங்காலால் குழி தோண்டித்தான் தின்ன வேண்டும். மே மாதம் புல் முளைத்திருக்காது. ஆக, குட்டி குடிக்கிற முதல் சில வாரப் பாலுக்கு அம்மா கைவைப்பது போன கோடையில் தன் உடம்பில் சேர்த்து வைத்ததை. ‘உன்னை உடம்பை உருக்கி வளர்த்தேண்டா’ என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதை ரெயின்டீர் அம்மா சொன்னால் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

அந்தக் குழிகளுக்காக அடிதடியும் உண்டு. மான் குடும்பத்திலேயே பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது ரெயின்டீரில் மட்டும்தான். வளர்ந்த ஆண்கள் இணை சேரும் சீஸன் முடிந்ததும், குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடுகின்றன. கர்ப்பிணிகள் மட்டும் குட்டி போடுகிற வரைக்கும் கொம்போடு திரிகின்றன. ‘இது நான் தோண்டின குழி, நகரு’ என்று பெரிய பெரிய தடியன்களை விரட்ட அது வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் கார்டுகளில் தாத்தாவின் வண்டியை இழுக்கிற மான்களைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் கொம்பு. டிசம்பர் 25-ம் தேதி கொம்போடு இருக்கிறதென்றால் அவை பெரும்பாலும் அம்மணிகள்தான். உலகம் பூராவும் ஒரே ராத்திரியில் டெலிவரி, வேலை செய்வது லேடீஸ், பேர் தாத்தாவுக்கு. பல ஆபீஸ்களில் பார்த்த காட்சி.

பால் ஏன் கெட்டி என்பதற்கு ஒரு அழகான இயந்திரம் உள்ளே இருக்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பு தடவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடுகிறது இல்லையா? கரைந்த சரக்கு எங்கே அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். மடியில் உப்பின் வேலையைச் செய்வது லாக்டோஸ். பால் சுரக்கிற செல்லுக்குள் லாக்டோஸ் தயாராகிறது. அது தண்ணீரை உள்ளே இழுக்கிறது. சர்க்கரை நிறைய இருந்தால் நிறையத் தண்ணீர், நிறைய லிட்டர். சர்க்கரை கம்மி என்றால் தண்ணீர் கம்மி, லிட்டர் கம்மி, சரக்கு கெட்டி. மடி ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கொடுக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தச் சர்க்கரைதான் முடிவு செய்கிறது.

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் சர்க்கரையில் 4. மைனஸ் டிகிரி குளிரில் ஓடிக்கொண்டே இருக்கிற குட்டிக்கு, வயிறு முட்டத் தண்ணீரைக் கொடுத்து அதையும் சூடு பண்ணச் சொல்வதைவிட, இரண்டு மடக்கு க்ரீம் எவ்வளவோ மேல்.

இதே கணக்கை ஒவ்வொரு மிருகமும் தன் தொழிலுக்குத் தகுந்தபடி போட்டிருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கஸ்டவ் ஃபான் புங்கே என்ற விஞ்ஞானி ஒரு பட்டியல் போட்டார். பிறந்த எடை இரட்டிப்பாக எத்தனை நாள், பாலில் புரதம் எவ்வளவு. மனிதக் குழந்தைக்குச் சுமார் 180 நாள். பட்டியலிலேயே புரதம் குறைந்த பால் நம்முடையதுதான். கன்றுக்குட்டிக்கு 47. நாய்க்குட்டிக்கு 9. முயலுக்கு வெறும் 6 நாள். புரதம் 10 சதவீதத்துக்கு மேல். அவசரக்காரர்களுக்குக் கெட்டிப் பால், நிதானக்காரர்களுக்குத் தண்ணிப் பால். நம் தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 சதவீதம்தான், ஆனால் லாக்டோஸ் 7 சதவீதம். நாம் என்ன, பிறந்த மறுநாள் ஓநாய்க்குப் பயந்து ஓடுகிற ஜாதியா? இடுப்பில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற ஜாதி.

தண்ணிப் பாலில் சாம்பியன் யார் தெரியுமா? ஆப்பிரிக்கக் கறுப்புக் காண்டாமிருகம். கொழுப்பு 0.2 சதவீதம்! அத்தனை பெரிய உடம்பில் டயட் பால். குட்டி ஒன்றரை வருஷத்துக்கும் மேல் கூடவே சுற்றிக்கொண்டு, நினைத்தபோதெல்லாம் குடிக்கிறது. அவசரமே இல்லை.

எதிர்க் கோடியில் இருப்பது ‘ஹூடட் ஸீல்’ என்கிற கடல் சிங்காரி. வட அட்லாண்டிக்கில் லாப்ரடார், கிரீன்லாந்து பக்கம் மிதக்கிற பனிப்பாளங்களின் மேல் குட்டி போடுகிறது. பாளம் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பால் கொடுப்பது மொத்தமே நாலு நாள். நாள்தான், வாரமில்லை. பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த காலம் இதுதான். பாலில் கொழுப்பு 60 சதவீதம். ஐஸ்க்ரீமில் 10, வெண்ணெயில் 80 என்றால் இதன் விலாசம் உங்களுக்கே புரியும். பிறக்கும்போது 22 கிலோ சுமாராக இருக்கிற குட்டி, தினம் ஏழு கிலோ ஏறி, நாலாம் நாள் இரட்டிப்பு எடையில் ஒரு மூட்டையாகக் கிடக்கும். அம்மா கிளம்பிப் போய்விடுவாள். திரும்ப வர மாட்டாள். பக்கத்திலேயே ஒரு ஆண் ஸீல், மூக்கிலிருந்து சிவப்பு பலூன் ஊதிக்காட்டியபடி அவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். (நம் பஸ் ஸ்டாப்களில் பலூன் மட்டும்தான் பாக்கி.) குட்டி அந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டு, நீந்தவும் மீன் பிடிக்கவும் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும். டியூஷன் கிடையாது.

திறமைக்கு என் ஓட்டு கங்காருவுக்கு. ஆபீஸ் கான்டீனில் ஒரே மெஷினில் ஒரு குழாயில் காபி, ஒரு குழாயில் டீ வருகிறதே, அதைக் கங்காரு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பையை விட்டு வெளியே குதித்தோடுகிற மூத்தது, அவ்வப்போது தலையை உள்ளே விட்டு ஒரு காம்பில் குடிக்கும். அதே சமயம் மொச்சைக்கொட்டை அளவு கைக்குழந்தை ஒன்று பைக்குள் இன்னொரு காம்பைக் கவ்விக்கொண்டு தொங்கும். மூத்ததுக்குக் கொழுப்பான பால், இளையதுக்கு நீர்த்த பால். ஒரே அம்மா, ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்; பக்கத்துப் பக்கத்துக் காம்பில் வேறு வேறு சரக்கு! ஒவ்வொரு சுரப்பியும் தன் தன் வேலையைத் தனியாக நடத்துகிறது. மூத்தது தவறிப்போய்த் தம்பியின் காம்பில் வாய் வைப்பதில்லை. சின்னது தன் காம்பை விடுவதே இல்லை. அந்தக் காம்பு அதன் வாய்க்குள் வீங்கி ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

பிளாட்டிபஸ் இன்னும் விசேஷம். முட்டையும் இடும், பாலும் கொடுக்கும். காம்பே கிடையாது, வயிற்றுத் தோலில் வியர்வை மாதிரி கசியும், குட்டி நக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘நமக்கு இதில் சம்பந்தமில்லை’ என்று வாலிபர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். 1994-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. மலேசியக் காடுகளில் பிடித்த டயாக் பழந்தின்னி வௌவால்களில், ஆண்களின் மார்பிலும் பால் இருந்தது. கொஞ்சம்தான். அதைக் குட்டிக்குக் கொடுக்கின்றனவா என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் வீட்டம்மாவிடம் இந்தச் செய்தியைக் காட்டாமலிருப்பது உத்தமம்.

‘பாலூட்டி’ என்ற வார்த்தை இருக்கிறதே, அதற்கும் ரெயின்டீருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தப் பெயரை லத்தீனில் முதலில் சூட்டியவர் ஸ்வீடன்காரரான கார்ல் லின்னேயஸ். 1732-ல், 25 வயசில், லாப்லாந்து முழுக்க அலைந்து ஸாமி மக்களோடு தங்கி, அவர்கள் ரெயின்டீரை எப்படி வளர்க்கிறார்கள், பாலை என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் டைரி எழுதியவர். அப்போது இந்தக் கூட்டத்துக்குப் பெயர் ‘நாலுகால்கள்’. 1758-ல் தன் ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில் அதை அடித்துவிட்டு, மார்பகத்தை வைத்து ‘மமேலியா’ என்று எழுதினார். முடி இருக்கிறது, காதுக்குள் மூன்று எலும்பு இருக்கிறது, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்கார வீடுகளில் குழந்தையைக் கூலித் தாய்மார்களிடம் பால் குடிக்க அனுப்பிவிடுவார்கள். அதில் ஏகப்பட்ட குழந்தைகள் செத்துப்போகும். லின்னேயஸ் டாக்டர், ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். பெற்றவளே பாலூட்ட வேண்டும் என்று 1752-ல் ஒரு நூலே எழுதியவர். பெயர் வைத்ததில் அந்தக் கோபமும் கலந்திருக்கிறது என்று சரித்திரக்காரர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

ஸாமிகள் பால் கறந்த விதம் ஒரு குஸ்தி. ரெயின்டீருக்கு மடி சின்னது, காம்பு அதைவிடச் சின்னது. இரண்டு விரல்தான் பிடிக்கும். முதலில் சுருக்குக் கயிறு வீசி ஆளைப் பிடிக்க வேண்டும். ஒருத்தர் கொம்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் கறப்பார். பாத்திரம் பிர்ச் மரக் கணுவைக் குடைந்து செய்தது. ஒரு கைப்பிடி, உள்பக்கம் வளைந்த விளிம்பு. மான் துள்ளினாலும் சிந்தக் கூடாதே. அத்தனை பாடுபட்டு ஒரு தம்ளர் தேறினால் அதிர்ஷ்டம். குட்டி முந்திக்கொள்ளாமலிருக்க மடியில் மான் சாணியையே தடவி விடுவதுண்டு. கறந்ததைச் சீஸ் கட்டுவார்கள், குளிர்காலத்துக்கு உறைய வைப்பார்கள், காயவைப்பார்கள். அந்தச் சீஸைத் துண்டு போட்டுச் சூடான காபியில் மிதக்கவிட்டுச் சாப்பிடுகிற வழக்கம் அங்கே உண்டு. (கும்பகோணம் டிகிரி காபி ரசிகர்கள் மன்னிக்க.) 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஸாமிகளிடையே கறவை அநேகமாக நின்றுபோய், மந்தை இறைச்சிக்கு என்றாகிவிட்டது. மங்கோலியாவின் வடகோடியில், டூக்கா என்கிற சில நூறு பேர் கொண்ட கூட்டம் இன்றைக்கும் கறக்கிறது. குட்டிகளைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டால் அம்மாக்கள் தானே திரும்பி வரும். அந்தப் பாலில் உப்புப் போட்டு டீ.

குட்டியின் பங்கிலிருந்துதான் அந்த டீ வருகிறது என்பது டூக்காக்களுக்குத் தெரியும். ரொம்பக் கறக்க மாட்டார்கள். வானம் அப்படிக் கருணை பார்ப்பதில்லை. 2013 நவம்பரில், மேற்கு சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில், பனி விழுந்த தரையின் மேல் மழை பெய்தது. உடனே கடுங்குளிர். மழைநீர் அப்படியே உறைந்து, லைக்கனுக்கு மேல் கண்ணாடி மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. காலால் உதைத்தால் பனி உடையும், ஐஸ் உடையாது. அந்தக் குளிர்காலத்தில் நெனெட்ஸ் மக்களின் மந்தைகளில் 61,000 ரெயின்டீர்கள் பட்டினியில் செத்தன. இப்படிப்பட்ட வருஷத்தில் பிழைத்த தாய்களும் எலும்பும் தோலுமாகத்தான் மே மாதத்துக்கு வந்து சேரும். உடம்பில் உருக்க ஒன்றும் மிச்சமிருக்காது. குட்டி இளைத்துப் பிறக்கும், பால் குறையும், அடுத்த குளிரைத் தாண்டுவது கஷ்டம்.

தாய் செத்து, குட்டி மட்டும் மிஞ்சினால் என்ன கொடுப்பது? ஸீல் குட்டிக்குப் பசும்பால் பட்டினிக்குச் சமம், முயலுக்குக் காண்டாமிருகக் கணக்கு உதவாது. இதற்காகவே வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் மிருகக்காட்சி சாலையில் ஃப்ரீஸர்களில் பால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 180-க்கும் மேற்பட்ட இனங்களின் பால். சாம்பிளை எடுப்பதற்கு யாராவது ஒருத்தர் கொரில்லாவைக் கறந்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒப்பிட்டால் நம் ஆடிட் ஸெக்‌ஷனே சொர்க்கம்.

கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணிக்கு இந்த ஃப்ரீஸர் வசதியெல்லாம் இல்லை. தந்த வேட்டையில் தாயை இழந்த யானைக்குட்டிகள் அவரிடம் வந்து சேரும். பால் குடி மறக்காத குட்டிகள். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. சில நாளில் சாவு. பசும்பால் கொழுப்பு யானைக்குட்டிக்கு ஒத்துக்கொள்வதில்லை. வருஷக்கணக்கில் என்னென்னவோ கலந்து கலந்து பார்த்தார். கடைசியில், மனிதக் குழந்தைகளுக்கான ஒரு பால் பவுடர் ஒத்துக்கொண்டது. அதில் என்ன விசேஷம்? தேங்காய் எண்ணெய்! நாம் தலையில் தடவுகிற அதே சமாசாரம். தேங்காய் எண்ணெயில் இருக்கிற ரகக் கொழுப்பு அமிலங்கள் யானைப் பாலிலும் ஏராளமாக இருப்பது சோதனைகளில் தெரிகிறது. நம் முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் பாட்டிலோடு குட்டி ரகு பின்னால் ஓடியதை, 2023-ல் ஆஸ்கர் வாங்கிய படத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டிலுக்குள் என்ன ஊற்றுவது என்பதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ குட்டிகளின் உயிர் இருக்கிறது.

1970-களில் டாஃப்னியின் கையில் அந்தப் பாலைக் குடித்துத் தேறிய முதல் கைக்குழந்தைகளில் ஒன்றுக்கு ஆயிஷா என்று பெயர். ஆறு மாதம் நன்றாக வளர்ந்தது. மகளின் கல்யாணத்துக்காக டாஃப்னி சில நாள் வெளியூர் போனார். வேறு ஆள் அதே பவுடரை, அதே அளவில், அதே பாட்டிலில் கொடுத்தார். ஆயிஷா குடிக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது காப்பாற்ற முடியாத நிலைமை. செத்துப்போனது.

அதற்குப் பிறகு நைரோபியில் அவர் நடத்திய காப்பகத்தில் ஒரு குட்டிக்கு ஒரே ஆள் என்று விடுவதில்லை. பராமரிப்பாளர்கள் ஒரு குடும்பம் மாதிரி, முறை வைத்து மாறுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டில், ராத்திரியிலும். தொழுவத்தில் குட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டில் போட்டு, தினம் ஒருத்தர் படுத்துக்கொள்கிறார். நடுநிசியில் தும்பிக்கை வந்து போர்வையை இழுக்கும்.